கண்டியைச் சூழ்ந்த சந்தை ஊர்களும் சேவைக் கிராமங்களும்

கண்டிக்கு வரும் பிரயாணிகளுள் பெரும்பாலோர் தலதா மாளிகையைத் தரிசித்து, ஏரிக்கரையை ஒருமுறை சுற்றி நடந்து, பேராதனைப் பூங்காவில் ஒரு பிற்பகலைக் கழித்துவிட்டு, மறுநாட் காலையில் நுவரெலியாவை நோக்கியோ கொழும்பை நோக்கியோ புறப்பட்டுவிடுகின்றனர். அவர்கள் கண்டவை யாவும் காணத்தக்கனவே. ஆயினும், அம்மாளிகையில் எரியும் பித்தளை விளக்கை வார்த்தவர் எவ்வூரார், பெரஹரா ஊர்வலத்தில் மேளம் முழக்குவோர் எந்த நிலத்தை உண்டு அவ்வுரிமையைப் பெற்றனர், அரசனுடைய களஞ்சியத்துக்குப் பாய் நெய்து கொடுத்தோர் எங்கே குடியிருந்தனர் என்று வினவுவார்க்கு விடை நகரத்துள் கிடைப்பதில்லை. வயலும் கமுகந்தோப்பும் குன்றும் மறைத்து நிற்கும் சுற்றுக் கிராமங்களிலேயே கிடைக்கும். அக்கிராமங்களையும், அவற்றுக்கிடையே வீதியோரமாக எழுந்த சந்தை ஊர்களையும், நான்கு வழிகளாக வகுத்துக் காட்டுவதே இவ்வத்தியாயத்தின் நோக்கம்.

ஊர்களின் வயது

மேல்நாட்டுப் பழம் ஊர்களைச் சுற்றிப் பார்த்துப் பழகியோர் முதலில் ஒரு வேற்றுமையை மனத்திற் கொள்ளவேண்டும். இங்கிலாந்தின் கொட்ஸ்வோல்ட் மலைச்சாரலிலுள்ள சிப்பிங் கெம்டன் போன்ற ஊர்களில், அரசனிடம் பட்டயம் பெற்றுக் குறித்த நாளிற் கூடிய சந்தையே ஊரை உருவாக்கியது. ஆட்டுரோம வாணிகத்தாற் செழித்த அவ்வூரின் நடுத்தெருவில் 1627ஆம் ஆண்டு எழுந்த கல் மண்டபம் இன்றும் நிற்கின்றது. சந்தையையும் ஆலயத்தையும் வணிகர் மாளிகைகளையும் அங்கே ஒரே வீதியிற் கண்டுவிடலாம். கண்டி நாட்டில் அவ்வாறன்று. இங்கே கிராமங்கள் மூத்தவை, சந்தை நகரங்கள் இளையவை. இவ்வொன்றை அறிந்துகொண்டவர்க்கு எந்த ஊரில் எதைத் தேடவேண்டும் என்பதிற் குழப்பம் நேராது.

கண்டியரசின் காலத்தில் நிலத்தை அனுபவித்தவன் அதற்கு ஈடாக ஒரு சேவையைச் செய்யக் கடமைப்பட்டிருந்தான். அரசனுக்கோ, பிரபுவுக்கோ, விகாரைக்கோ, தெய்வங்களுக்குரிய தேவாலயத்துக்கோ உரியதாயிருந்த அச்சேவை, ஒரு கிராமத்துக்கு வெள்ளி வேலையாகவும், மற்றொன்றுக்கு மரச்சிற்பமாகவும், இன்னொன்றுக்கு மேளமாகவும், வேறொன்றுக்கு மட்பாண்டமாகவும் தலைமுறை தலைமுறையாக அமைந்திருந்தது. 1815இல் அரசு வீழ்ந்தபின், 1832இல் ஆங்கிலேயர் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை நீக்கினராயினும், விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் உரிய நிலங்களிற் சேவை முறை தொடர்ந்தே வந்தது. நிலத்தோடு பிணைந்திருந்தமையாலேயே கைத்தொழில்கள் ஊர்மாறி ஓடாது, பிறந்த கிராமங்களிலேயே வேரூன்றி நின்றன.

அக்காலத்து வாணிகத்துக்குப் பெரிய கடைவீதிகள் தேவைப்படவில்லை. கடற்கரையிலிருந்து உப்பையும் கருவாட்டையும் துணியையும் பொதிமாடுகளில் ஏற்றிவந்து, மலைநாட்டுப் பாக்கையும் மிளகையும் கொண்டுசென்ற தவளங்கள் காட்டுவழிகளில் நடமாடின; அவற்றை நடத்துவதிற் பெரும்பங்கு முஸ்லிம் வணிகருடையது. இன்று நாம் காணும் சந்தை நகரங்களோ, தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்திற் கொழும்பு வீதி வெட்டப்பட்டதும், மலைகளிற் கோப்பி பயிரிடப்பட்டதும், 1867இல் புகையிரதம் கண்டியை அடைந்ததும் ஆகிய மூன்று காரணங்களால் எழுந்தவை. தோட்டங்களில் உழைக்க வந்த தமிழ்த் தொழிலாளரும், அவர்களை நம்பிக் கடை திறந்த வணிகரும், அரிசி மூட்டையையும் கோப்பிப் பொதியையும் சுமந்த மாட்டுவண்டிகளுமே அவற்றின் முதற் குடிகள்.

மூத்த கிராமங்களின் தொழிலை முறையாக ஆராய்ந்து நூலாக்கியவர் ஈழத்துத் தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய ஆனந்த குமாரசுவாமி. கனிப்பொருள் ஆய்வுக்குப் பொறுப்பான அதிகாரியாக இத்தீவிற் பணிபுரிந்த காலத்தில், இக்கிராமங்களின் பட்டறைகளில் அவர் திரட்டிய செய்திகள் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலாக 1908இல் வெளிவந்தன. அந்நூல் அச்சானது மேலே கூறிய சிப்பிங் கெம்டனை அடுத்த புரோட் கெம்டன் என்னும் சிற்றூரில், அவர் வாழ்ந்த இல்லத்திலேயே. வில்லியம் மோரிஸ் உபயோகித்த அச்சியந்திரத்தில் 425 பிரதிகளே அடிக்கப்பட்டன. இயந்திரத் தொழில் பெருகியதனால் தன் கிராமியக் கைவினையை இழந்துகொண்டிருந்த ஒரு தேசத்தின் நடுவிலிருந்து, அதனை இன்னும் முற்றாக இழக்காத கண்டிக் கிராமங்களைப் பற்றி அவர் எழுதினார் என்பது சிந்திக்கத்தக்கது.

பருவமும் பிரயாண வசதியும்

தை முதல் பங்குனி வரையுள்ள மாதங்கள் மழை குறைந்தவை. நடந்து திரிய அவையே உத்தமம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை கனத்துப் பெய்யும். மண்சரிவினால் வீதியும் புகையிரதப் பாதையும் தடைப்படுவதுண்டாகையால், அக்காலத்திற் புறப்படுவோர் முதல்நாளே நிலைமையை விசாரித்துக்கொள்வது அவசியம். ஈரமான காட்டோரப் பாதைகளில் அட்டைக் கடிக்கு உப்போ சவர்க்காரமோ கையிலிருப்பது நலம். எசல பெரஹரா நிகழும் ஆடி, ஆவணி நாட்களிற் கண்டியில் அறை கிடைப்பது அரிது, கிடைத்தாலும் வாடகை பன்மடங்கு. அவ்விழாவைக் காண வருவோர் கிராம யாத்திரையை அதற்கு முன்னோ பின்னோ வைத்துக்கொள்க.

பௌர்ணமி தோறும் வரும் போயா தினத்தில் விகாரைகளிற் பக்தர் கூட்டம் நிறைந்திருக்கும். வழிபாட்டைக் காண விரும்புவோர்க்கு அது சிறந்த நாள்; கைவினைஞரைக் காண விரும்புவோர்க்கோ பட்டறைகள் ஓய்ந்திருக்கும் நாள். மதுபானமும் இறைச்சியும் அன்று விற்கப்படா.

கண்டியிலிருந்து நாலாபக்கமும் பஸ் வண்டிகள் இடைவிடாது ஓடுகின்றன. ஆனால் அவை யாவும் ஒரே நிலையத்திலிருந்து புறப்படுவதில்லை. குட்ஷெட் நிலையம், மணிக்கூட்டுக் கோபுரத்தடி நிலையம், டொரிங்டன் நிலையம் என்று அவை பிரிந்திருத்தலால், தங்குமிடத்தில் ஊர்ப்பெயரைச் சொல்லி நிலையத்தைக் கேட்டறிந்து செல்க. கம்பளைக்கும் கடுகண்ணாவைக்கும் மாத்தளைக்கும் புகையிரதத்திலும் போகலாம். வேகம் குறைவு, காட்சி அதிகம். பிரதான வீதியிலிருந்து உட்கிராமத்துக்குச் செல்ல முச்சக்கர வண்டியே தக்கது. ஏறுமுன் கட்டணத்தையும், காத்திருக்கும் நேரத்துக்கான கூலியையும் பேசி முடித்துக்கொள்வது இருவர்க்கும் நன்று.

முதலாம் வழி: உடுநுவரை

ஒரே நாளில் நடந்து முடிக்கக்கூடியதும், நான்கு வழிகளுள் மிகச் சிறந்ததும் இதுவே. எம்பக்கேயில் தொடங்கி, லங்காதிலகவைக் கண்டு, கடலாதெனிய வழியாகப் பிலிமத்தலாவைச் சந்தியில் முடிப்பது உசிதம். இறுதியிற் கொழும்பு வீதியை அடைந்துவிடுவதால் திரும்புவதற்குப் பஸ் வண்டிக்காகக் காத்திருக்க நேராது. வழிநெடுக வயல்களும், மிளகுக்கொடி படர்ந்த மரங்களும், வாசலிலே பாக்குக் காயவைத்த வீடுகளும் தொடர்ந்துவரும். வெயிலுக்கு முன் ஏழரை மணிக்கே எம்பக்கேயை அடைந்துவிட்டாற் பிற்பகலில் நிதானமாகப் பிலிமத்தலாவைக்கு வந்துசேரலாம்.

எம்பக்கேயிலுள்ளது கதிர்காமக் கடவுளுக்குரிய தேவாலயம். கம்பளையில் ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தது. அதன் முன்னுள்ள மேள மண்டபத்தின் மரத்தூண்களே இவ்வூரை உலகறியச் செய்தவை. தூணின் சதுர முகங்களில், பின்னிப் பிணைந்த அன்னங்கள், இருதலைப் புள், மல்லர்கள், குதிரை வீரன், பிள்ளைக்குப் பாலூட்டும் தாய், நாட்டிய மகளிர் என ஒன்றைப்போல் ஒன்றில்லாத உருவங்கள் நிறைந்திருக்கின்றன. கூரையிலும் தூணிலுமாக ஐந்நூற்றுக்கு மேற்பட்ட செதுக்கல்களை எண்ணியிருக்கின்றனர். தூண்களைப் பார்த்ததோடு அமையாது, மண்டபத்தின் முன்கோடியில் நின்று தலையை உயர்த்துக. 26 கைமரங்கள் ஒருங்கே வந்து கூடும் இடத்தை ஒரேயொரு பெரிய மர ஆணி பிணைத்து நிற்பதைக் காணலாம். தச்சரே வியக்கும் வேலை அது. மேள மண்டபத்தை எப்போதும் பார்க்கலாம். கருவறையோ பூசை வேளையில் மாத்திரம் கபுராளை என்னும் பூசகரால் திறக்கப்படும். ஊருக்குள்ளே இன்றும் மரம் செதுக்குவோர் பலர் வீட்டு முற்றத்திலேயே பட்டறை வைத்திருக்கின்றனர்.

லங்காதிலக விகாரை பரந்த பாறையொன்றின் உச்சியில், பாறையிலேயே வெட்டிய படிகளை ஏறிச் சென்றடைய நிற்பது. நான்காம் புவனேகபாகுவின் ஆட்சியில், 1344ஆம் ஆண்டளவில், மந்திரி சேனாலங்காதிகாரனின் ஆதரவில் எழுந்த இதனை அமைத்தவர் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஸ்தபதி ராயர். தமிழ் வாசகர் இங்கே விசேஷமாகக் காணவேண்டியவை இரண்டு. ஒன்று, பாறையிற் பொறித்த சாசனம். சிங்களத்திலும் தமிழிலும் விகாரைக்குரிய தானங்களை அது எடுத்துரைக்கின்றது. மற்றையது, புத்தர் சிலையுள்ள மண்டபத்தைப் புறத்தே சூழ்ந்திருக்கும் தெய்வ சந்நிதிகள். விபீஷணனும் சமனும் விநாயகரும் கந்தகுமாரனும் அங்கே கொலுவிருக்கின்றனர். விகாரையும் தேவாலயமும் ஒரே கூரையின் கீழ் முதுகோடு முதுகாக அமைந்த இவ்வமைப்பு, அக்காலத்துச் சமய வாழ்வை எந்த வியாக்கியானத்தினும் தெளிவாக உணர்த்தும்.

கடலாதெனிய விகாரையும் அதே காலத்தது. கணேசுவராசாரி என்னும் தென்னிந்தியச் சிற்பியார் கருங்கல்லிற் சமைத்தது. தமிழ்நாட்டுக் கோயில்களைக் கண்டு பழகிய கண்ணுக்கு அதன் அதிஷ்டானமும் தூண்களும் அந்நியமாகத் தோன்றா. அதனை அடுத்த கிரிவவுல என்னும் ஊர் பித்தளை வார்ப்புக்குப் பேர்பெற்றது. களிமண் அச்சில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவதும், ஆறியபின் உடைத்தெடுத்து அராவி மெருகிடுவதும் வீட்டுக் கொட்டில்களிலேயே நடைபெறுதலால், அனுமதி கேட்டு நின்று பார்க்கலாம். உலை மூட்டும் வேளையை வினவித் தெரிந்துகொண்டு சென்றாற் பயன் அதிகம்.

இவ்வுடுநுவரைக் கிராமங்களில் உலாவிய ஆங்கிலேய வியாபாரி ஒருவருண்டு. 1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது வருஷம் கண்டி நாட்டிற் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ், எலதெத்த என்னும் ஊரில் வீடுகட்டி, குல்லாய் பின்னி விற்றும் நெல்லைக் கடன் கொடுத்தும் பிழைத்தார். பண்டங்களை முதுகிற் சுமந்து ஊரூராகத் திரிந்த பழக்கமே அவருக்கு வழிகளைக் கற்பித்தது. வியாபாரி வேஷத்திலேயே வடக்கு நோக்கிச் சென்று, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தரை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளியான அவர் நூல், அக்காலக் கண்டிக் குடியானவரின் அன்றாட வாழ்வுக்குச் சிறந்த சாட்சி.

நேரம் மிஞ்சுமாயின் பிலிமத்தலாவையிலிருந்து கடுகண்ணாவைக் கணவாய்க்குச் செல்க. வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுந்த கோபுரமும், பழைய வழிப்போக்கர் தங்கிய அம்பலமும், பாறையைக் குடைந்து வீதி சென்ற துவாரமும், புகையிரத நூதனசாலையும் அங்கே ஒன்றுக்கொன்று அணித்தாக உள்ளன.

இரண்டாம் வழி: கம்பளை

கண்டிக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தூரத்தில், மகாவலி கங்கையின் கரையில் உள்ள கம்பளை, பதினான்காம் நூற்றாண்டில் அரசிருக்கையாயிருந்த ஊர். அவ்வரண்மனையின் சுவடு இன்று மிக அற்பம். நியம்கம்பாய விகாரையின் அடித்தளக் கற்களில் உள்ள சிற்பங்களே எஞ்சிய சாட்சிகள். ஆகவே இராஜதானியைத் தேடி வருபவர் ஏமாறுவர். சந்தை நகரத்தைத் தேடி வருபவர் மகிழ்வர். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்கள் யாவற்றுக்கும் இதுவே கடைத்தெரு. தோட்டங்களிற் சம்பளம் போட்டதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால், மலையிலிருந்து இறங்கிய குடும்பங்கள் புடவைக் கடையிலும் மளிகைக் கடையிலும் நகைக் கடையிலும் நிறைந்திருக்க, தமிழும் சிங்களமும் ஒரே வாக்கியத்திற் கலந்து ஒலிக்கும் சந்தையைக் காணலாம். கதிர்வேலாயுத சுவாமி கோயிலும், கஹட்டப்பிட்டியாவிலுள்ள பழைய முஸ்லிம் தர்காவும், பௌத்த விகாரைகளும் இந்நகரத்தின் பலவகைக் குடிகளை நினைவூட்டும். பிற்பகலில் அம்புலுவாவை மலைக்கு முச்சக்கர வண்டியிற் செல்லலாம். உச்சியிலுள்ள கோபுரத்தின் புறப்படிகள் மேலே செல்லச் செல்லக் குறுகுவதோடு காற்றும் பலமாக வீசுமாதலால், குழந்தைகளையும் தலைசுற்றல் உள்ளோரையும் கீழே நிறுத்திவிடுவதே விவேகம்.

மூன்றாம் வழி: மாத்தளை வீதி

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து வடக்கே செல்லும் இவ்வீதி, தமிழர் சரித்திரத்தில் வேறெவ்வழிக்கும் இல்லாத இடத்தைப் பெற்றது. கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து புறப்பட்ட ஏழை மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, நீரில்லாக் காடுகளூடே நூற்றுக்கு மேற்பட்ட மைல்களை நடந்து, தம்புள்ளை வழியாக வந்தடைந்த முதல் மலைநாட்டு ஊர் மாத்தளை. பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். கண்டிக்கும் மாத்தளைக்கும் இடையே பிரயாணி இன்று ஒரு மணி நேரத்திற் கடந்துவிடும் தூரத்தை இவ்விருத்தாந்தத்தை அறிந்து கடப்பது கடமை.

வழியில் முதலில் எதிர்ப்படுவது அக்குறணை. கண்டியிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீற்றர். வீதியின் இருமருங்கும் நீண்டு செல்லும் கடைத்தெருவும், மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ ஆகியவற்றைக் கிராமத்தாரிடம் நிறுத்து வாங்கும் வணிகரும் இம்முஸ்லிம் ஊரின் அடையாளம். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்மாத் தொழுகைக்காகக் கடைகள் அடைக்கப்படுமாதலால் அவ்வேளையைத் தவிர்க்க. கண்டி முஸ்லிம்கள் தமிழிலக்கியத்துக்கு ஆற்றிய தொண்டை அறிந்தோர், 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நாவலை எழுதிய சித்தி லெப்பை கண்டியில் பிறந்தவர் என்பதை இங்கே நினைவுகூர்வர்.

மாத்தளையிற் பிரதான வீதியிலேயே முத்துமாரியம்மன் கோயிலின் இராஜகோபுரம் எழுந்து நிற்கின்றது. நடந்து வந்து உயிர் தப்பியோரின் தெய்வமாக மாரி இங்கே குடிகொண்டது பொருத்தமே. மாசி மகத்தை ஒட்டி நிகழும் தேர்த் திருவிழாவில் ஐந்து தேர்கள் வீதிவலம் வரும். அவ்வேளையில் மலைநாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் கூடுவர். 1983 ஜூலைக் கலவரத்திற் தாக்குதலுக்கு உள்ளான இக்கோயில், பின்னர் மீண்டும் பொலிவுற்றது. நகருக்கு வடக்கே சிறிது தூரத்திலுள்ள அலுவிகாரைக் குகைகளில், கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதல் நூற்றாண்டில், வாய்மொழியாக வந்த பாளி திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டதாகப் பௌத்தர் போற்றுவர். தாளிப்பனை ஓலையைப் பதப்படுத்தி எழுத்தாணியால் எழுதும் முறையை இன்றும் அங்கே செய்து காட்டுகின்றனர். மாத்தளை மாவட்டத்துப் பல்லே ஹப்புவிட என்னும் கிராமம் அரக்கு வேலைக்குரியது. வெப்பத்தில் இளகிய நிற அரக்கை நூலாக இழுத்து, கைவிரல் நகத்தாலேயே தடியின்மேல் ஒட்டிக் கோலமிடும் வித்தை அவ்வூராரின் பரம்பரைச் சொத்து.

இவ்வீதியோரத்தில் வாசனைப் பயிர்த் தோட்டங்கள் பல உள. செடிகளை விளக்கிக் காட்டுவது இலவசமேயாயினும், முடிவில் எண்ணெயும் இலேகியமும் அதிக விலைக்கு வாங்கும்படி வற்புறுத்தப்படுவதும், அழைத்துவந்த சாரதிக்கு அதில் ஒரு பங்கு செல்வதும் சில இடங்களில் வழக்கம். பார்த்து வந்தனம் கூறி வெளியேற எவரும் தயங்கவேண்டியதில்லை. பொருள் வேண்டுவோர் அக்குறணைக் கடைகளிலோ மாத்தளைச் சந்தையிலோ நிறுத்து வாங்குக.

நான்காம் வழி: தும்பறை

கண்டிக்குக் கிழக்கே மகாவலியைக் கடந்தால் தும்பறைப் பள்ளத்தாக்கு. முதலில் தெகல்தொருவ குகை விகாரையைக் காண்க. மதுரைத் தொடர்புடைய நாயக்க வம்சத்தவனான கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்துச் சுவர்ச் சித்திரங்கள் இங்கே செந்நிறப் பின்னணியில் வரிசை வரிசையாகக் கதை சொல்லுகின்றன. தானத்திற் சிறந்த வெஸ்ஸந்தர மன்னனின் சாதகக் கதை அவற்றுட் பிரதானமானது. அப்பாலுள்ள நத்தரம்பொத்தையின் கலாபுரத்தில் வெள்ளி, பித்தளை, செப்பு வேலை செய்யும் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழ்கின்றன. சம்மட்டி ஓசையைப் பின்பற்றிச் சென்றாலே போதும்.

குண்டசாலைப் பக்கத்து ஹேனவல என்னும் கிராமம் தும்பறைப் பாய்க்கு உரியது. கற்றாழையினத்து நாரைச் சீவி எடுத்து, வெளுத்து, சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாகச் சாயமிட்டு, தரையோடு தாழ்ந்த தறியில் நெய்வர். நாகம், யானை, மான், பறவை ஆகிய உருவங்கள் நெசவிலேயே எழும். இத்தகைய கலையைக் காத்து வந்த மக்கள் பழைய சமூக அடுக்கில் மிகத் தாழ்வாக வைக்கப்பட்டிருந்தனர் என்பது கண்டி வரலாற்றின் வெட்கத்துக்குரிய பகுதி. ஆகையாற் குலத்தைப் பற்றிய வினா எதுவும் எவர் வாயிலிருந்தும் வரலாகாது; தொழிலைப் பற்றிக் கேட்டால் மகிழ்ந்து விளக்குவர்.

மேலும் கிழக்கே சென்றாற் தெல்தெனிய. பழைய சந்தை ஊர், 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்தினுள் அமிழ்ந்துவிட்டது. நீர் மிகவும் வற்றும் கோடையில் அதன் கட்டடச் சிதைவுகள் வெளித்தோன்றுவதுண்டு. இன்றுள்ளது மேட்டு நிலத்தில் வகுத்தமைத்த புதிய நகரம். இதற்கும் அப்பால் மெதமஹநுவரைப் பக்கத்திலேதான், கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18ஆம் திகதி சிறைப்பட்டான். வேலூருக்கு அனுப்பப்பட்ட அவன் 1832இல் அங்கேயே உயிர்நீத்தான்.

சந்தையிலும் பட்டறையிலும்

வாரச்சந்தை கூடும் நாள் ஊருக்கு ஊர் வேறு; ஒரே வியாபாரிகள் ஒருநாள் இங்கும் மறுநாள் அங்குமாகக் கடை பரப்புதலே அதற்குக் காரணம். சந்தையைச் சிங்களத்திற் ‘பொல’ என்பர். தேநீர்க் கடையில் அமர்ந்து, அடுத்த பொல எந்த ஊரில் என்று கேட்டாற் போதும். நாளும் வழியும் உடனே கிடைக்கும். காலை எட்டு மணிக்குள் சென்றாற் சரக்கு நல்லது, மாலை சாயும் வேளையிற் சென்றால் விலை நல்லது. சில்லறை நோட்டுகளைக் கையில் வைத்துக்கொள்க.

மிளகு வாங்குவோர் ஒருபிடியைத் தண்ணீரில் இட்டுப் பார்க்கலாம்: முற்றிய மணி மூழ்கும், பதரும் கலப்படமான பப்பாசி விதையும் மிதக்கும். கித்துற் கருப்பட்டியிற் சீனி கலந்தது மலிவாயிருக்கும். மிகக் குறைந்த விலையைக் கண்டு வாங்கலாகாது. பித்தளைப் பொருளை நிறைபார்த்து வாங்குக. தகட்டை ஒட்டிச் செய்தது கனமின்றியும், வார்த்துச் செய்தது கனத்தும் இருக்கும். பழைய பொருள் என்று எவரேனும் விளக்கையோ ஏட்டையோ சிலையையோ நீட்டினால் விலகிவிடுக. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதிப்பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வது குற்றம். அப்படிச் சொல்லி விற்பவை பெரும்பாலும் புதியனவே.

சந்தையில் விலைபேசுவது சம்பிரதாயம். பட்டறையில் அது மரியாதையன்று. அரைநாள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பாதி விலைக்குக் கேட்பவர், தாம் பாராட்டிய கலையைத் தாமே அவமதித்தவராவர். சிங்களக் கைவினைஞரைப் ‘பாஸ் உன்னெஹே’ என்றும், முஸ்லிம் வணிகரை ‘நானா’ என்றும், தோட்டத்துப் பெரியவரை ‘ஐயா’ என்றும் விளித்தாற் பேச்சு இலகுவாகும். கம்பளையிலும் அக்குறணையிலும் மாத்தளையிலும் தமிழே போதும். உடுநுவரைக் கிராமங்களிற் சிங்களம் வேண்டும். ‘கீயத’ என்று விலையைக் கேட்கவும், ‘ஸ்தூதி’ என்று நன்றி கூறவும் தெரிந்திருந்தால் மிகுதியைப் புன்னகை பார்த்துக்கொள்ளும்.

விகாரைகளிலும் தேவாலயங்களிலும் தோளும் முழங்காலும் மறையும் வெண்ணிற உடை சிறந்தது. பாதணியையும் தொப்பியையும் வாயிலிலேயே கழற்றுக. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று புகைப்படம் எடுப்பதை மக்கள் பெரும் அபசாரமாகக் கருதுவர், பொலிஸாரும் தலையிடுவர். வெளிநாட்டார்க்குச் சில ஸ்தலங்களிற் கட்டணம் உண்டு. சீட்டைக் கேட்டுப் பெறுக.

உணவுக்குக் கவலை வேண்டாம். சந்திக் கடைகளில் இடியப்பமும் சொதியும், அப்பமும் கட்டைச்சம்பலும், நண்பகலிற் சோறும் கிடைக்கும். கருப்பட்டித் துண்டோடு தரும் பிளேன்ரீ நடைக்களைப்பை உடனே போக்கும். அக்குறணையில் வட்டிலப்பத்தைக் கேட்டு வாங்கி உண்க.

நாட்களை வகுக்கும் முறை

நான்கு நாட்கள் உள்ளவர் ஒவ்வொரு வழிக்கும் ஒருநாளை ஒதுக்கி, கம்பளைக்கு ஞாயிற்றுக்கிழமையையும், உடுநுவரைக்கும் தும்பறைக்கும் போயா அல்லாத வேலைநாட்களையும் வைத்துக்கொள்ளவேண்டும். இரண்டு நாட்களே உள்ளவர் உடுநுவரையையும் மாத்தளை வீதியையும் கொள்க. மூத்த கிராமத்தின் தலைசிறந்த மாதிரியும், இளைய நகரத்தின் தலைசிறந்த மாதிரியும் அவற்றிலே அடங்கிவிடும். ஒரே நாள் உள்ளவர், நான்கு திசைக்கும் வண்டியில் ஓடி எதையும் நின்று பாராமல் திரும்புவதைக் காட்டிலும், எம்பக்கேயிலிருந்து பிலிமத்தலாவை வரை நடப்பதே மேல். தலதா மாளிகையை இன்னும் பாராதவர் அதனை இந்நடையின் மறுநாளுக்கு வைத்துக்கொள்ளட்டும். அங்கே காணும் தூணும் விளக்கும் மேளமும் எந்தெந்த ஊரின் கைவேலை, எந்தெந்த நிலத்தின் கடமை என்பதை அறிந்த கண்ணோடு அப்போது அவர் உள்ளே புகுவார்.